அச்சுப்பொறிக்கு யார் சான்று? அலுவலக வலையமைப்பில் காலாவதியாகும் பாதுகாப்புச் சான்றிதழ்கள்

ஏலூர் (கொச்சி):

இணையதளங்களுக்கும் சேவையகங்களுக்கும் வழங்கப்படும் பாதுகாப்புச் சான்றிதழ்களின் ஆயுட்காலம் 398 நாட்களிலிருந்து படிப்படியாக 47 நாட்களாகக் குறைக்கப்படுகிறது. உலகளாவிய சான்றளிப்பு அமைப்புகளும் உலாவி நிறுவனங்களும் இணைந்த மன்றம் 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்த முடிவை எடுத்தது. வங்கிகளும் பெரிய இணைய நிறுவனங்களும் இதற்கான ஆயத்தத்தில் இறங்கியுள்ளன. ஆனால் அலுவலகங்களில் ஒரு மூலையில் ஓசையின்றி இயங்கும் அச்சுச் சேவையகத்தையும் அதனுடன் இணைந்த அச்சுப்பொறிகளையும் பற்றி யோசிப்போர் குறைவு. சான்றிதழ் இல்லாமலோ காலாவதியான சான்றிதழுடனோ ஆண்டுக்கணக்கில் ஓடும் கருவிகள் பெரும்பாலும் இவையே.

பெரியாற்றின் கரையில் அமைந்த ஏலூர் இதற்குப் பொருத்தமான களம். திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று 1943ஆம் ஆண்டு நிறுவிய, பின்னர் பொதுத்துறைக்கு வந்த ஃபாக்ட் உர ஆலை இங்குள்ள உத்யோகமண்டலில் இயங்குகிறது. அதனைச் சுற்றிலும் இரசாயனத் தொழிற்சாலைகள் உள்ளன. 2010ஆம் ஆண்டு நகராட்சியான இவ்வூரில் அரசு அலுவலகங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், வங்கிக் கிளைகள் என ஒரு தொழில் நகரத்துக்குரிய அனைத்தும் உண்டு. இத்தகைய ஊரில் ஒரு நாளில் அச்சாகும் தாள்களை எண்ணிப் பார்த்தால் விஷயம் விளங்கும். லாரிகளுக்கான எடைச் சீட்டு, ஆலை வாயில் அனுமதிச் சீட்டு, ஆய்வக அறிக்கை, தொழிலாளர் சம்பளப் பட்டியல், நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவு, பள்ளித் தேர்வின் வினாத்தாள் ஆகிய அனைத்தும் கணினியிலிருந்து வலையமைப்பின் வழியாகவே அச்சுப்பொறியை அடைகின்றன.

கேரளத்தில் நகராட்சிகளின் பணிகள் 2024ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் 'கே-ஸ்மார்ட்' எனும் இணையவழி அமைப்புக்கு மாற்றப்பட்டன. அரசு அலுவலகங்களை இணைக்கும் 'கே-ஃபோன்' கண்ணாடியிழை வலையமைப்பு 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. விண்ணப்பம் பெறுவது முதல் ஆணை பிறப்பிப்பது வரை யாவும் மின்னணு வடிவில் நடைபெற்றாலும், இறுதியில் தாள் கேட்கும் பழக்கம் நம் நாட்டில் மறையவில்லை. ஆகவே குறியாக்கம் செய்யப்பட்டு அரசுச் சேவையகத்திலிருந்து வந்த ஓர் ஆவணம், அலுவலகத்துக்குள் கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையிலான கடைசிச் சில மீட்டர் தூரத்தைத் திறந்த நிலையில் கடக்க நேரிடுகிறது.

கடைசிச் சில மீட்டர்

வலையமைப்பு அச்சுப்பொறிகள் மிகப் பல இன்றும் 9100 என்ற எண்ணுடைய இணைப்புவாயிலில் கோப்புகளைப் பெறுகின்றன. இம்முறையில் குறியாக்கம் எதுவும் இல்லை. அனுப்புபவர் யார், பெறும் கருவி எது என்ற விசாரணையும் இல்லை. அதே வலையமைப்பில் தரவுப் போக்குவரத்தைக் கவனிக்கும் வாய்ப்புள்ள எவரும் அந்தக் கோப்பைப் பிடித்து, அதே தாளைத் தம்மிடமும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

இதற்கு மாற்றாக 1990களின் இறுதியில் உருவாக்கப்பட்டதே இணைய அச்சு நெறிமுறை. இது 631 என்ற இணைப்புவாயிலைப் பயன்படுத்துகிறது. வங்கி இணையதளங்களைக் காக்கும் அதே குறியாக்க முறையை இதனுடனும் இணைக்கலாம். அதற்கு அச்சுச் சேவையகத்திடம் ஒரு சான்றிதழ் இருக்க வேண்டும்.

சான்றிதழின் பணியைச் சுருக்கமாகக் கூறலாம். சேவையகம் இரண்டு திறவுகோல்களை உருவாக்குகிறது. ஒன்றைத் தன்னிடமே இரகசியமாக வைத்துக்கொள்கிறது. மற்றொன்றை எவருக்கும் காட்டலாம். பொதுவில் காட்டப்படும் திறவுகோலையும் சேவையகத்தின் பெயரையும் ஒரே ஆவணத்தில் இணைத்து, நம்பிக்கைக்குரிய மூன்றாம் தரப்பு ஒன்று கையொப்பமிடுகிறது. அந்த ஆவணமே சான்றிதழ். நிலப் பத்திரத்தில் சார்பதிவாளர் இடும் கையொப்பத்துடன் இதனை ஒப்பிடலாம். பத்திரத்தை எழுதியவரே கீழே கையொப்பமிட்டுப் பதிவாளர் முத்திரையையும் தாமே குத்திக்கொண்டால் எப்படியிருக்குமோ, அதுவே 'தற்சான்றிதழ்' எனப்படும் வகை.

கடையிலிருந்து புதிதாக வந்திறங்கும் பெரும்பாலான அச்சுப்பொறிகளில் இருப்பது இந்தத் தற்சான்றிதழ்தான். அதன் நிர்வாகப் பக்கத்தை உலாவியில் திறந்தவுடன், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை திரையை நிரப்புகிறது. அலுவலகத்துக்குப் புதிதாக வரும் ஊழியருக்கு மூத்தவர் முதலில் கற்றுத்தருவது, அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் 'தொடர்க' என்பதை அழுத்தும்படிதான். தற்சான்றிதழால் ஏற்படும் உண்மையான கேடு இதுவே எனலாம். குறியாக்கம் நடைபெறுகிறது என்பது உண்மை. ஆனால் மறுமுனையில் இருப்பது அலுவலகத்தின் அச்சுப்பொறியா, அதன் பெயரில் வந்து நிற்கும் வேறொரு கருவியா என்பதை அறிய வழியில்லை. எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லப் பழகிய விரல், நாளை வங்கிப் பக்கத்தின் எச்சரிக்கையையும் அதே வேகத்தில் தாண்டிவிடும்.

தன்னை அச்சுப்பொறி என்று கூறிக்கொள்ளும் கருவியைக் கணினி கேள்வியின்றி நம்பினால் என்ன நேரும் என்பதற்கு 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று ஒரு சான்று வெளியானது. லினக்ஸ் கணினிகளில் அச்சுப் பணிகளைக் கையாளும் 'கப்ஸ்' மென்பொருள் தொகுப்பில் நான்கு குறைபாடுகளை இத்தாலிய ஆய்வாளர் சிமோனே மார்கரிதெல்லி பகிரங்கப்படுத்தினார். அருகிலுள்ள அச்சுப்பொறிகளைத் தானாகக் கண்டறியும் துணை நிரல், எங்கிருந்து வரும் அறிவிப்பையும் ஏற்றுக்கொண்டது. போலி அச்சுப்பொறி ஒன்று பட்டியலில் நுழைந்த பின், பயனர் அதற்கு ஒரு கோப்பை அனுப்பினால், தாக்குபவரின் ஆணைகள் அந்தக் கணினியில் இயங்கும் நிலை இருந்தது. சான்றிதழ் மட்டுமே இதனைத் தடுத்திருக்காது. எனினும் அடையாளம் கேட்காமல் கதவைத் திறக்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அது காட்டியது.

பெயர் இல்லாத கருவிக்குச் சான்று இல்லை

தற்சான்றிதழ் வேண்டாம் எனில் வேறு யாரிடம் கையொப்பம் பெறுவது? இங்குதான் பல அலுவலகங்கள் தடுமாறுகின்றன. முற்காலத்தில் 'பிரிண்ட்சர்வர்' போன்ற உள் பெயருக்கோ, 192.168 என்று தொடங்கும் உள் முகவரிக்கோ கூடப் பொதுச் சான்றளிப்பு அமைப்புகள் சான்றிதழ் வழங்கின. அத்தகைய பெயர் உலகில் ஆயிரக்கணக்கான அலுவலகங்களில் இருக்கும். அதற்கு ஒருவருக்குச் சான்றளிப்பது பொருளற்றது மட்டுமன்று, ஆபத்தானதும் ஆகும். எனவே 2015 நவம்பர் 1 முதல் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது.

எஞ்சியிருப்பவை இரண்டு வழிகள். அலுவலகத்துக்குச் சொந்தமான இணையப் பெயர் இருந்தால், அதன் கீழ் அச்சுச் சேவையகத்துக்கு ஒரு துணைப் பெயர் அளித்துப் பொதுச் சான்றிதழ் பெறலாம். அந்தப் பெயர் நமக்குரியது என்பதைப் பெயர்ப் பதிவேட்டில் ஒரு குறிப்பைச் சேர்த்து மெய்ப்பித்தால் போதும். சேவையகத்தை இணையத்துக்குத் திறந்துவிட வேண்டியதில்லை. ஆனால் இவ்வாறு வழங்கப்படும் சான்றிதழ்கள் யாவும் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் இடம்பெறுகின்றன. 'சம்பளப்பிரிவு-அச்சுப்பொறி' என்று பெயர் வைத்தால், அப்படியொரு கருவி இருப்பதை உலகுக்கே அறிவித்ததாகிவிடும். பெயரைப் பொதுவானதாக வைப்பது நலம்.

மற்றொரு வழி, அலுவலகமே தனக்கென ஒரு சான்றளிப்பு அமைப்பை ஏற்படுத்திக்கொள்வது. விண்டோஸ் சேவையகங்களில் இதற்கான வசதி உடன் வருகிறது. லினக்ஸிலும் இலவச மென்பொருட்கள் உண்டு. அந்த உள் அமைப்பின் மூலச் சான்றிதழை அலுவலகக் கணினிகள் அனைத்திலும் ஒருமுறை நிறுவிவிட்டால், அது கையொப்பமிடும் ஒவ்வொரு அச்சுப்பொறியையும் அக்கணினிகள் எச்சரிக்கையின்றி ஏற்கும். நாற்பது ஐம்பது கணினிகள் உள்ள அலுவலகத்துக்கு இதுவே பொருத்தமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஆனால் அந்த மூலத் திறவுகோல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே அனைத்தும் அமையும். அது களவு போனால், களவாடியவர் அந்த அலுவலகக் கணினிகள் நம்பக்கூடிய எந்தப் பெயருக்கும், ஒரு வங்கியின் பெயருக்கும்கூட, சான்றிதழ் தயாரித்துவிடலாம். அச்சுப்பொறியைக் காக்கச் செய்த ஏற்பாடு முழு அலுவலகத்தையும் திறந்துவிடும்.

2014இல் நேர்ந்தது

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்கீழ் நம் நாட்டில் சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் நிறுவப்பட்டது. அதன் மூலச் சான்றிதழின்கீழ் தேசிய தகவலியல் மையமும் சான்றிதழ்களை வழங்கி வந்தது. 2014 ஜூலை 2 அன்று, தங்கள் இணையப் பெயர்களுக்கு அனுமதியின்றிச் சான்றிதழ்கள் வெளியாகியிருப்பதைக் கூகுள் கண்டறிந்தது. அவை தேசிய தகவலியல் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களின்கீழ் கையொப்பமிடப்பட்டிருந்தன. மறுநாளே அந்த இடைநிலைச் சான்றிதழ்களைக் கட்டுப்பாட்டாளர் ரத்து செய்தார். சான்றிதழ் வழங்கும் செயல்முறையில் ஊடுருவல் நேர்ந்ததாகவும், நான்கு சான்றிதழ்களே தவறாக வழங்கப்பட்டதாகவும் விளக்கம் அளிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டவை இருப்பதைத் தாங்கள் அறிந்துள்ளதாகக் கூகுள் தெரிவித்தது. மைக்ரோசாஃப்ட் ஜூலை 10 அன்று வெளியிட்ட அறிவிப்பின் பட்டியலில் யாகூவின் பெயர்களும் இருந்தன.

இந்திய மூலச் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் தன் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்திருந்ததால் விண்டோஸ் கணினிகள் பாதிப்புக்கு இலக்காகும் நிலை இருந்தது. தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குப் பாதிப்பில்லை. அதன்பின் குரோம் உலாவி இந்தியச் சான்றிதழ்களைக் குறிப்பிட்ட சில இணையப் பெயர்களுக்கு மட்டுமே ஏற்கும்படி கட்டுப்படுத்தியது.

இந்த நிகழ்வின் நிழல் இன்னும் நீங்கவில்லை. இந்தியக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழை ஏற்கும் உள்நாட்டு உலாவியை உருவாக்குவதற்கான போட்டியை மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஆகஸ்டில் அறிவித்தது. அதில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் முதலிடம் பெற்றதாக 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. தேசிய அளவில் நேர்ந்த சிக்கலும் ஒரு சிறு அலுவலகத்தின் உள் சான்றளிப்புச் சிக்கலும் அளவில்தான் வேறு. மூலத் திறவுகோலை அன்றாடம் பயன்படும் கணினியில் வைக்காமல், வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட தனிக் கணினியிலோ பூட்டிய பெட்டகத்திலுள்ள சாதனத்திலோ வைத்து, அன்றாடக் கையொப்பத்துக்கு இடைநிலைச் சான்றிதழைப் பயன்படுத்துவது வழக்கமான காப்பு முறை.

பள்ளிக் கணினிகளும் 'கப்ஸ்' மென்பொருளும்

கேரள அரசுப் பள்ளிகளில் 'கைட்' நிறுவனம் வழங்கும் உபுண்டு அடிப்படையிலான லினக்ஸ் இயங்குதளம் பயன்பாட்டில் உள்ளது. அங்கு அச்சுப் பணியைக் கவனிப்பது மேலே குறிப்பிட்ட 'கப்ஸ்' மென்பொருள். அமெரிக்கரான மைக்கேல் ஸ்வீட் 1997ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய இம்மென்பொருளை 2007ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் வாங்கியது. ஆப்பிள் கணினிகளும் இதையே பயன்படுத்துகின்றன. ஆகவே இதன் நடைமுறை நுணுக்கங்களை அறிந்திருப்பது பலருக்கும் பயன்படும்.

சான்றிதழ் கோப்பையும் திறவுகோல் கோப்பையும் 'கப்ஸ்' தனக்கென வைத்துள்ள அடைவில், சேவையகத்தின் முழுப் பெயரையே கோப்பின் பெயராகக் கொண்டு சேமிக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அது பிழைச் செய்தி எதையும் காட்டாது. உரிய கோப்பு இல்லை என்று கருதி, இயல்பான அமைப்பின்படி, தானே ஒரு தற்சான்றிதழைத் தயாரித்துக்கொள்ளும். புதுச் சான்றிதழை நிறுவியும் பழைய எச்சரிக்கையே தொடர்கிறது என்று குழம்புவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. திறவுகோல் கோப்பைத் தலைமை நிர்வாகிக் கணக்கைத் தவிர வேறு எவரும் படிக்க இயலாதவாறு அமைப்பதும் அவசியம்.

சேவையகத்தில் சான்றிதழ் இருப்பதாலேயே குறியாக்கம் நடந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. பயனரின் கணினியில் அச்சுப்பொறியைச் சேர்க்கும்போது, பாதுகாக்கப்பட்ட நெறிமுறையைக் குறிக்கும் முகவரியைக் கொடுத்திருக்க வேண்டும். 'ஐபிபி' என்று தொடங்கும் முகவரிக்கும் 'ஐபிபிஎஸ்' என்று தொடங்கும் முகவரிக்கும் இடையே ஓர் எழுத்துதான் வேறுபாடு. முன்னதைக் கொடுத்தால், சேவையகம் வற்புறுத்தாத வரையில் கோப்பு திறந்தபடியே செல்லும்.

சான்றிதழில் பெயர் இடம்பெறும் முறையும் மாறியுள்ளது. 2017ஆம் ஆண்டு வெளியான குரோம் 58ஆம் பதிப்பு முதல், சான்றிதழின் 'பொதுப் பெயர்' பகுதியை உலாவி பார்ப்பதில்லை. 'மாற்றுப் பெயர்கள்' பகுதியில் சேவையகத்தின் பெயர் இருந்தாக வேண்டும். பழைய அச்சுப்பொறிகள் சிலவற்றின் நிர்வாகப் பக்கத்தில் தயாராகும் விண்ணப்பத்தில் இப்பகுதியே இராது. அத்தகைய கருவிகளுக்கு விண்ணப்பத்தையும் திறவுகோலையும் வெளியே ஒரு கணினியில் தயாரித்து, பின்னர் உள்ளே ஏற்ற வேண்டியிருக்கும்.

கடிகாரத்தையும் மறக்கலாகாது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. மின்தடைக்குப் பின் உள் மின்கலம் தீர்ந்துபோன அச்சுப்பொறி, தன் நாட்காட்டியைப் பல்லாண்டுகள் பின்னோக்கித் திருப்பிக்கொண்டால், மறுமுனையின் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று கூறி இணைப்பை மறுக்கும். மழைக்காலத்தில் அடிக்கடி மின்சாரம் போகும் ஊர்களில் இது அரிதான கோளாறு அன்று. இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான 'செர்ட்-இன்' 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த நெறிமுறைகள், கணினிக் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையகங்களுடன் ஒத்திசைக்கும்படி கூறுகின்றன. அந்தப் பட்டியலில் அச்சுப்பொறிகளையும் சேர்த்துக்கொள்வது நன்று. குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும், பதிவுக் குறிப்புகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதே நெறிமுறைகளில் உள்ளவை.

நாற்பத்தேழு நாட்கள்

சான்றிதழ் காலாவதியானால் என்ன நேரும் என்பதை 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனின் ஓ2 கைப்பேசி வாடிக்கையாளர்கள் அனுபவித்தனர். எரிக்சன் நிறுவனத்தின் வலையமைப்பு மென்பொருளில் ஒரு சான்றிதழின் காலம் முடிந்திருந்தது. சுமார் 3.2 கோடிப் பயனர்களின் இணையத் தொடர்பு பாதிக்கப்பட்டது. அச்சுப்பொறி நின்றால் இவ்வளவு பேர் பாதிக்கப்படமாட்டார்கள். எனினும் எடைச் சீட்டு அச்சாகாததால் ஆலை வாயிலில் காத்திருக்கும் லாரி ஓட்டுநருக்கும், தேர்வு தொடங்கும் நேரத்தில் வினாத்தாள் வெளிவராத பள்ளிக்கும் அது சிறிய செய்தி அன்று. 2018ஆம் ஆண்டு வினாத்தாள் கசிவுக்குப் பிறகு, குறியாக்கம் செய்த வினாத்தாளைத் தேர்வு மையத்திலேயே அச்சிடும் முறையை மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சோதித்துப் பார்த்ததை இங்கே நினைவுகூரலாம்.

புதிய விதிகளின்படி, பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள். இருபது அச்சுப்பொறிகள் உள்ள அலுவலகத்தில், இதுவரை ஆண்டுக்கு இருபது முறை செய்த பணியை நூற்று அறுபது முறை செய்ய நேரிடும். ஒவ்வொரு கருவியின் நிர்வாகப் பக்கத்தையும் திறந்து கையால் கோப்பேற்றும் முறை இதற்கு ஈடுகொடுக்காது. தானாகப் புதுப்பிக்கும் நெறிமுறைகள் சேவையகங்களுக்கு உண்டு. 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு இலவசமாக வழங்கும் சான்றிதழ்கள் அவ்வாறே புதுப்பிக்கப்படுகின்றன. 'கப்ஸ்' மென்பொருள் அவற்றை நேரடியாக எடுத்துக்கொள்ளவும் வல்லது. ஆனால் பல அச்சுப்பொறிகளுக்கு இந்த வசதி இல்லை.

ஆகவே நடைமுறைக்கு உகந்தது, அச்சுப்பொறிகளைத் தனி வலையமைப்புப் பகுதியில் ஒதுக்கி, ஊழியர்களின் கணினிகள் அவற்றை நேரடியாக அணுகாதவாறு செய்து, நடுவில் ஓர் அச்சுச் சேவையகத்தை வைப்பதாகும். ஊழியர் கணினிகள் சேவையகத்துடன் மட்டுமே பேசும். புதுப்பிக்க வேண்டிய சான்றிதழ் இருபதிலிருந்து ஒன்றாகக் குறையும். அதையும் தானியங்கி ஏற்பாட்டிடம் விட்டுவிடலாம். உள் சான்றளிப்பு அமைப்பை வைத்திருப்போருக்கு 47 நாள் விதி பொருந்தாது. அதற்காகப் பத்தாண்டுச் சான்றிதழ் வழங்கிவிட்டு மறந்துவிடுவது சரியன்று. ஆப்பிள் கருவிகள் 825 நாட்களுக்கு மேற்பட்ட சேவையகச் சான்றிதழ்களை ஏற்பதும் இல்லை.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு பதிவேடு தேவை. கருவியின் பெயர், இருக்கும் அறை, சான்றிதழ் வழங்கிய அமைப்பு, முடியும் நாள், பொறுப்பாளர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். காலாவதி நினைவூட்டல், பணிமாறுதல் பெற்றுச் சென்றுவிட்ட ஒருவரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருப்பது அரசு அலுவலகங்களில் வழக்கமாகக் காணும் காட்சி. தனிநபர் முகவரிக்குப் பதிலாகப் பிரிவின் பொது முகவரியைக் கொடுப்பது அதனைத் தவிர்க்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தனிநபர் தரவைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடமளிப்பதால், இப்பதிவேடு தணிக்கையின்போதும் பயன்படும்.

வாடகை ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட பல்பயன் அச்சுப்பொறிகள் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் திரும்பிச் செல்கின்றன. அவற்றின் உள் வட்டில் அச்சிட்ட, நகலெடுத்த பக்கங்களின் தடயங்களோடு சான்றிதழின் தனித் திறவுகோலும் இருக்கக்கூடும். கருவி லாரியில் ஏறும் முன் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, வட்டைத் துடைத்து, சான்றிதழை வழங்கிய அமைப்பிடம் அதனை ரத்து செய்யக் கோரி, பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே தேதியுடன் குறித்துவிட வேண்டும்.